உமிழ்நீர் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது? மாவுச்சத்துச் செரிமானத்தைச் சோதித்த குறிப்புகள்

உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது என்று பள்ளிப் பாடத்தில் படித்த வரி பலருக்கும் நினைவிருக்கும். எந்தச் சர்க்கரை என்பதை அந்த வரி சொல்வதில்லை. குளுக்கோஸ் என்றுதான் நான் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். கேட்டுப் பார்த்தவர்களில் பெரும்பாலோரும் அப்படியே சொன்னார்கள். சோதனைக் குழாய்கள் சில, மாவுச்சத்தைக் கருநீலமாகக் காட்டும் அயோடின் கரைசல், சில சர்க்கரைகளைக் காட்டும் பெனடிக்ட் கரைசல், குளுக்கோஸைக் கண்டறியும் சோதனைத் தாள் ஆகியவை கையில் இருந்தால் இதை நேரிலேயே பார்த்துவிடலாமே என்று தோன்றியதால் ஒரு வாரத்து மாலை வேளைகளை இதற்காக ஒதுக்கினேன். கேள்விக்கு விடை கிடைத்தது. ஆனால் வாரத்தின் முதற்பாதி முழுவதும் என் தவறுகளைத் திருத்துவதிலேயே கழிந்தது. அந்தத் தவறுகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேதியியல் காரணம் இருந்ததால் அவற்றையும் விடாமல் எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சில சொற்கள். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. ஒரு குளுக்கோஸின் முதல் கார்பன் அடுத்த குளுக்கோஸின் நான்காவது கார்பனோடு ஆக்சிஜன் வழியாக இணைந்திருக்கிறது. இணைப்பு வளையத்தின் எந்தப் பக்கமாக அமைகிறது என்பதைப் பொறுத்து அதற்கு ஆல்ஃபா என்றோ பீட்டா என்றோ பெயர். மாவுச்சத்தில் இருப்பது ஆல்ஃபா-1,4 பிணைப்பு. கிளையில்லாத சங்கிலியான அமைலோஸ் பொதுவாக 20 முதல் 30 விழுக்காடு வரை இருக்கும். மீதி அமைலோபெக்டின், அதில் ஏறத்தாழ 24 முதல் 30 குளுக்கோஸுக்கு ஒருமுறை ஆல்ஃபா-1,6 பிணைப்பால் ஒரு கிளை பிரிகிறது. 1,4, 1,6 என்ற இந்த இரண்டு பிணைப்புகளும் கடைசி வரை தேவைப்படும்.

கரைசல்களைத் தயாரித்த விதம் எளியது. ஒரு கிராம் மாவுச்சத்துத் தூளைச் சிறிது குளிர்ந்த நீரில் குழைத்து, கொதிக்கும் வாலைவடிநீரில் ஊற்றிக் கலக்கி 100 மி.லி. ஆக்கினால் ஒரு விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். அயோடின் நீரில் கரைய மறுக்கும் பொருள் என்பதால் முதலில் 2 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கரைத்து, அதில் ஒரு கிராம் அயோடினைச் சேர்த்து, பிறகு 300 மி.லி. வரை நீர் ஊற்றினேன். உமிழ்நீரைப் பொறுத்தவரை, வாயை நன்றாகக் கொப்பளித்தபின் சிறிது வாலைவடிநீரை ஒரு நிமிடம் வாயில் வைத்திருந்து முகவையில் சேகரித்துக்கொண்டேன். இது உடல் திரவம் ஆகையால் என்னுடையதை மட்டுமே பயன்படுத்தினேன்; பயன்படுத்திய கண்ணாடிக் கலன்களைச் சலவைத் தூள் கரைசலில் ஊறவைத்துக் கழுவினேன்.

முதல் நாள் செய்த தவறு, தூளைக் கொதிக்கவைக்காமல் குளிர்ந்த நீரில் கலக்கி அப்படியே உமிழ்நீரைச் சேர்த்தது. ஒரு மணி நேரம் கழித்தும் அயோடின் கருநீலமாகவே காட்டியது. வேகாத மாவுச்சத்து இறுகிய மணிகளாக இருக்கிறது; அவற்றுக்குள் சங்கிலிகள் பாதி படிகம் போல நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால், அவற்றை வெட்டும் உமிழ்நீர் நொதியான அமைலேஸ் உள்ளே நுழைவது கடினம். நீரோடு சேர்த்து 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கும்போதுதான் மணிகள் நீரை உறிஞ்சி உப்பி, சங்கிலிகள் அவிழ்ந்து வெளியே வருகின்றன. சமைத்த உணவு எளிதில் செரிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த முறை கொதிக்கவைத்தேன். ஆனால் ஆறுவதற்குள் பொறுமை இழந்து, கொதிநிலைக்கு அருகில் இருந்த கரைசலில் ஒரு சொட்டு அயோடினை விட்டேன். நிறம் ஏறக்குறைய வரவே இல்லை. தூள் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிக் கொட்டப் போன நேரத்தில், ஆறிக்கொண்டிருந்த குழாய் மெல்ல நீலமாகியது. அமைலோஸ் சங்கிலி திருகுச் சுருளாக, ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ் வீதம் வளைந்து நிற்கிறது; அந்தச் சுருளின் உட்குழிக்குள் அயோடின் அயனிகள் வரிசையாகச் சென்று அமரும்போதுதான் நீலம் தோன்றுகிறது. சூடு அந்தச் சுருளைக் குலைத்துவிடும், குளிர்ச்சி மீண்டும் சுருட்டிவிடும். இதிலிருந்து ஒரு விதியை வகுத்துக்கொண்டேன்: அயோடினை விடுமுன் மாதிரி எப்போதும் அறை வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். சூடான குழாயில் நீலம் வராததை மாவுச்சத்து செரித்துவிட்டதாக எழுதிவைத்தவர்கள் நிச்சயம் என்னைத் தவிரவும் இருப்பார்கள்.

மூன்றாவது தவறு உமிழ்நீரை நீர்க்காமல் விட்டது. 37 டிகிரி செல்சியஸில் வைத்த 5 மி.லி. மாவுச்சத்துக் கரைசலில் ஒரு மி.லி. உமிழ்நீரைச் சேர்த்து, அரை நிமிடத்தில் முதல் சொட்டை எடுத்துப் பீங்கான் குழித்தட்டில் இருந்த அயோடினில் விட்டபோதே நிறம் வெறும் மஞ்சளாக இருந்தது. வினை நான் பார்ப்பதற்குள் முடிந்துபோயிருந்தது. இருபது மடங்கு நீர்த்தபின்தான் வரிசையாக நிறமாற்றத்தைக் காண முடிந்தது: முதலில் கருநீலம், இரண்டு நிமிடம் அளவில் ஊதா, பிறகு செம்பழுப்பு, ஏழாவது நிமிடத்தில் அயோடினின் சொந்த மஞ்சள். செம்பழுப்பு தருபவை டெக்ஸ்ட்ரின்கள் எனப்படும் இடைநிலைத் துண்டுகள். ஏறத்தாழ 12 குளுக்கோஸுக்கும் குறைவான துண்டுகளில் அயோடின் அமரச் சுருள் போதாது என்பதால் நிறமே வராது. ஆகவே நிறம் மறைந்தது என்பதற்குப் பொருள் சங்கிலிகள் குட்டையாகிவிட்டன என்பது மட்டுமே. சர்க்கரை உண்டாகிவிட்டது என்பதற்கு அது சான்று ஆகாது. பல செய்முறைக் குறிப்பேடுகளில் இந்த வேறுபாடு கண்டுகொள்ளப்படாமல் போவது எனக்கு வருத்தமளிக்கிறது.

நீர்த்ததில் எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. வாலைவடிநீரால் நீர்த்த உமிழ்நீர் ஏழு நிமிடம் எடுத்துக்கொண்ட அதே வேலையை, ஒரு சிட்டிகை சமையல் உப்புச் சேர்த்த நீரால் நீர்த்தது நான்கு நிமிடத்துக்குள் முடித்தது. உமிழ்நீர் அமைலேஸ் முழு வேகத்தில் இயங்கக் குளோரைடு அயனி தேவை; அதன் கட்டமைப்பு குலையாமல் நிற்கக் கால்சியமும் தேவை. தூய்மையான நீரே சிறந்தது என்று நினைத்து வாலைவடிநீரைத் தேர்ந்தெடுத்த நான், இருந்த கொஞ்சம் குளோரைடையும் நீர்த்துவிட்டிருந்தேன். அன்று முதல் எல்லாக் குழாய்களுக்கும் ஒரே அளவு உப்பு.

வெப்பநிலைச் சோதனைகளில் வியப்பில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனிக்கட்டி நீரில் வைத்த குழாய் அரை மணி நேரம் கழித்தும் நீலமாகவே இருந்தது. அதை 37 டிகிரி செல்சியஸுக்கு மாற்றியதும் வினை தொடங்கி வழக்கம்போல் முடிந்தது. கொதிக்கவைத்து ஆறவைத்த உமிழ்நீரைச் சேர்த்த குழாய் இரண்டு மணி நேரம் கழித்தும் மாறவில்லை. குளிர் நொதியின் வேகத்தைக் குறைக்கிறது, கொதிநிலை அதன் புரத மடிப்பைக் குலைத்து மீளாதபடி அழித்துவிடுகிறது.

அமிலமும் காரமும் சேர்த்த நாள்தான் வாரத்தின் சிறந்த நாள். இரைப்பையை ஒத்திருக்கட்டும் என்று ஒரு குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் உமிழ்நீரையும் முதலில் பத்து நிமிடம் சேர்த்து வைத்து, பிறகு மாவுச்சத்தை விட்டேன். எதிர்பார்த்தபடியே நீலம் மாறவில்லை. சமையல் சோடாவால் நடுநிலையாக்கிய பின்பும் மாறவில்லை. நொதி போனது போனதுதான். இன்னொரு குழாயில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தேன். அதிலிருந்து எடுத்த சொட்டில் அயோடின் விட்ட நொடியே நிறம் முழுவதும் மறைந்தது. காரத்தில் அமைலேஸ் மின்னல் வேகத்தில் வேலை செய்கிறது என்று குறிப்பேட்டில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

அந்த வரியைப் பிறகு அடித்துவிட்டதற்குக் காரணம், உமிழ்நீரே சேர்க்காத ஒப்பீட்டுக் குழாய். மாவுச்சத்தும் காரமும் மட்டும் இருந்த அதிலும் அயோடின் நிறமிழந்தது. செரித்தது மாவுச்சத்து அல்ல, அழிந்தது அயோடின். கார ஊடகத்தில் அயோடின் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து, நிறமற்ற அயோடைடாகவும் அயோடேட்டாகவும் மாறிவிடுகிறது. அப்படியானால் அமிலம் சேர்த்தால் இவ்விரண்டும் திரும்பச் சேர்ந்து அயோடின் ஆக வேண்டுமே என்று, இரண்டு குழிகளிலும் சில சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே நேரத்தில் கருநீலம் திரும்பி வந்தது. மாவுச்சத்து முழுவதும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஒப்பீட்டுக் குழாயை ஒரு சடங்காகவே அதுவரை வைத்துவந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அமிலத்தில் அமைலேஸ் செயலிழப்பதால், விழுங்கியவுடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது என்று கருத வேண்டாம். அது நடுநிலைக்கு அருகில், பிஎச் 6.7 முதல் 7 வரையிலான நிலையில் நன்றாக இயங்கும். பிஎச் 4-க்குக் கீழே போனால் நின்றுவிடும். விழுங்கிய கவளம் இரைப்பையின் மேற்பகுதியில் சிறிது நேரம் கலையாமல் தங்குவதால், அமிலம் உள்ளே ஊறும் வரை உமிழ்நீரின் நொதி கவளத்துக்குள் தொடர்ந்து வெட்டிக்கொண்டிருக்கிறது. என் குழாயில் இரண்டையும் நன்றாகக் குலுக்கிக் கலந்துவிட்டதால் இந்த அவகாசம் கிடைக்கவில்லை. அந்த வகையில் என் செயற்கை இரைப்பை உண்மையானதைவிடக் கடுமையானது. பிறகு சிறுகுடலின் தொடக்கத்தில் கணையத்தின் பைகார்பனேட் அமிலத்தை நடுநிலையாக்க, கணைய அமைலேஸ் அதே ஆல்ஃபா-1,4 பிணைப்புகளை வெட்டும் வேலையைத் தொடர்கிறது.

இனி மூலக் கேள்வி. அயோடின் எது போயிற்று என்று மட்டும் சொல்லும். எது வந்தது என்று அறியப் பெனடிக்ட் கரைசல் தேவை. ஒரு லிட்டருக்குக் காப்பர் சல்பேட் 17.3 கிராம், சோடியம் சிட்ரேட் 173 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 100 கிராம் என்பது அதன் அளவு. சர்க்கரைச் சங்கிலியின் ஒரு முனையில் முதல் கார்பன் எதனோடும் பிணையாமல் இருந்தால், வளையம் திறந்து ஆல்டிஹைடாக மாறி, நீலத் தாமிர அயனியை ஒடுக்கிச் செங்கல் நிற வீழ்படிவைத் தரும். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கொண்ட மாவுச்சத்து மூலக்கூறில் அத்தகைய முனை ஒன்றே ஒன்று. ஆகவே அது கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத் தராது. ஒவ்வொரு வெட்டும் ஒரு புதிய முனையை உண்டாக்குகிறது.

இரண்டு மி.லி. மாதிரியோடு இரண்டு மி.லி. கரைசலைச் சேர்த்துக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்தேன். வெறும் மாவுச்சத்து நீலமாகவே இருந்தது. வெறும் உமிழ்நீரும் அப்படியே. உமிழ்நீரோடு அரை மணி நேரம் இருந்த மாவுச்சத்து பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எனக் கடந்து செங்கல் சிவப்பாகியது. இங்கும் ஒரு கண்ணி உண்டு: அமிலம் உள்ள மாதிரியை நடுநிலையாக்காமல் ஊற்றினால் அது கார்பனேட்டைத் தின்று நுரைத்துவிடும், காரத்தன்மை குறைந்ததும் சர்க்கரை இருந்தாலும் நிறம் மாறாது. ஒருமுறை அப்படி ஏமாந்தேன்.

ஆனால் பெனடிக்ட் கரைசலுக்குக் குளுக்கோஸும் ஒன்றுதான், இரண்டு குளுக்கோஸ் இணைந்த மால்டோஸும் ஒன்றுதான். பிரித்தறிய, குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி பூசிய சோதனைத் தாளை எடுத்தேன். அந்த நொதி தனித்த குளுக்கோஸை மட்டுமே பொருட்படுத்தும். முதலில் 0.1 விழுக்காட்டுக் குளுக்கோஸ் கரைசலில் நனைத்தபோது தாள் ஒழுங்காக நிறம் மாறியது. பிறகு, பெனடிக்ட் சோதனையில் அவ்வளவு சிவந்த அதே உமிழ்நீர்க் குழாயில் நனைத்தேன். மாற்றமில்லை. தாளைச் சந்தேகித்து மூன்று முறை திருப்பிச் செய்தேன். மூன்று முறையும் மாற்றமில்லை. சர்க்கரை ஏராளமாக இருக்கிறது, அது குளுக்கோஸ் அல்ல.

ஆல்ஃபா அமைலேஸ் சங்கிலியின் நடுவில் ஆங்காங்கே வெட்டும் நொதி. அது விட்டுவைப்பவை முக்கியமாக இரண்டு குளுக்கோஸ் கொண்ட மால்டோஸ், மூன்று கொண்ட மால்டோட்ரையோஸ், கிளைப் பிணைப்பைச் சுற்றியிருக்கும் எல்லை டெக்ஸ்ட்ரின்கள். மால்டோஸில் எஞ்சியிருக்கும் ஒற்றைப் பிணைப்பை அதனால் வெட்ட இயலாது; ஆல்ஃபா-1,6 கிளைப் பிணைப்பை அது தொடுவதே இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க அமிலத்தை முயன்றேன். மாவுச்சத்தை அமிலத்தோடு கொதிக்கவைத்தால் இனிப்பான பொருள் கிடைக்கும் என்பதை வேதியியலாளர் கிர்ச்சாஃப் 1811-இலேயே காட்டியிருந்தார்; பிரெஞ்சு வேதியியலாளர்களான பாயனும் பெர்சோவும் முளைகட்டிய தானியத்திலிருந்து டயஸ்டேஸ் நொதியைப் பிரித்தது அதற்குப் பின் 1833-இல். பத்து மி.லி. மாவுச்சத்தோடு சம அளவு ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்துக் கொதிநீரில் வைத்து, அவ்வப்போது எடுத்த மாதிரியை ஆறவைத்து, நடுநிலையாக்கிச் சோதித்தேன். அயோடின் நிறம் மறையவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் ஒரு மணி நேரத்தின் முடிவில் சோதனைத் தாள் அழுத்தமாக நிறம் மாறியது. உமிழ்நீர் உடல் வெப்பத்தில் நிமிடங்களில் செய்வதைச் செய்ய அமிலத்துக்குக் கொதிநிலையும் நீண்ட நேரமும் வேண்டியிருக்கிறது. ஆனால் அமிலம் பிணைப்பு வகை எதையும் பாராமல் எல்லாவற்றையும் முறித்துக்கொண்டே போகிறது. நொதி விரைவாகச் செய்யும், தனக்குரியதை மட்டுமே செய்யும்.

இதையே மறுபக்கத்திலிருந்து காண, பஞ்சைத் துண்டாக்கி உமிழ்நீரில் ஆறு மணி நேரம் 37 டிகிரி செல்சியஸில் வைத்தேன். பெனடிக்ட் நீலமாகவே நின்றது. பஞ்சு செல்லுலோஸ், அதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான், பிணைப்பு மட்டும் பீட்டா-1,4. இன்னும் நெடுநேரம் வைத்தால் பாக்டீரியா பெருகி முடிவைக் குழப்பும் என்று அத்தோடு நிறுத்திக்கொண்டேன். வெள்ளைச் சர்க்கரையான சுக்ரோஸையும் உமிழ்நீர் தொடவில்லை. அதில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ஆகிய இரண்டின் ஒடுக்கும் முனைகளும் ஒன்றோடொன்று பிணைந்து பூட்டப்பட்டிருப்பதால் பெனடிக்ட் கரைசலுக்கும் அது தெரியவில்லை. அமிலத்தோடு சில நிமிடம் கொதிக்கவைத்து நடுநிலையாக்கியதும் சிவந்தது.

கடைசி இரண்டு நாட்கள், சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் நுண்துளைச் சவ்வாலான கூழ்மப்பிரிப்புக் குழாய் ஒன்றைக் குடலாக வைத்துச் செய்த சோதனைக்குச் சென்றன. மாவுச்சத்தையும் உமிழ்நீரையும் அதனுள் ஊற்றி, இரு முனைகளையும் கட்டி, வெளிப்புறத்தை நன்றாகக் கழுவி, வெதுவெதுப்பான வாலைவடிநீரில் மூழ்கவைத்தேன். முதல் முறை முடிச்சு கசிந்து வெளிநீர் அயோடினில் நீலமாகிவிட்டது. இரண்டாம் முறை ஒரு மணி நேரம் கழித்து வெளிநீரில் அயோடின் மஞ்சள், பெனடிக்ட் ஆரஞ்சு. பெரிய மூலக்கூறு உள்ளே தங்கியது, சிறியது வெளியேறியது. சோதனைத் தாள் வெளிநீரிலும் மாறவில்லை. வெளியே வந்ததும் மால்டோஸ்தான்.

இந்த மாதிரிக் குடல் தவறாக வழிநடத்துவதும் இந்த இடத்தில்தான். என் குழாயின் துளைகள் மால்டோஸை விட்டுவிட்டன. உண்மையான குடற்சுவர் விடாது. அது சல்லடை அன்று. சிறுகுடலின் உறிஞ்சும் செல்கள் தம் மேற்பரப்பில் மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸ், சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ், லாக்டேஸ் ஆகிய நொதிகளைப் பதித்து வைத்திருக்கின்றன. ஒற்றைச் சர்க்கரையாக உடைத்தபின்தான் உள்ளே ஏற்றுகின்றன. குளுக்கோஸையும் காலக்டோஸையும் இரண்டு சோடியம் அயனிகளோடு சேர்த்து ஏற்றுகிறது எஸ்ஜிஎல்டி1 என்னும் கடத்திப் புரதம். ஃப்ரக்டோஸுக்கு ஜிஎல்யூடி5 என்ற தனி வழி. வயிற்றுப்போக்குக்கான உப்புச்சர்க்கரைக் கரைசலில் குளுக்கோஸும் சோடியமும் லிட்டருக்குத் தலா 75 மில்லிமோல் என்று சம அளவில் இருப்பது இந்தக் கூட்டு ஏற்றத்தை நம்பித்தான். லாக்டேஸ் குறைந்தவர்களுக்குப் பாலின் லாக்டோஸ் உடையாமல் பெருங்குடலுக்குப் போய், நீரை இழுத்து, பாக்டீரியாவால் நொதித்து வாயுவாவதும் இதே வாசலில் நேரும் தடைதான்.

குடற்செல்லின் நொதியைப் பெற எனக்கு வழியில்லை. அதற்கு மாற்றாக, பூஞ்சையிலிருந்து எடுக்கப்படும் குளுக்கோஅமைலேஸைப் பயன்படுத்தினேன். அது சங்கிலியின் முனையிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றும், மெதுவாகவேனும் கிளைப் பிணைப்பையும் உடைக்கும். வணிக நொதிக் கரைசலிலேயே குளுக்கோஸ் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதே அளவு நொதியை வெறும் நீரில் விட்ட ஒப்பீட்டுக் குழாயை இம்முறை முதலில் தயார் செய்தேன். பிறகு உமிழ்நீர் கைவிட்ட குழாயைச் சற்று அமிலமாக்கி, சில சொட்டு நொதியை விட்டு, இரண்டையும் 50 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு மணி நேரம் வைத்தேன். ஒப்பீட்டுக் குழாயில் நனைத்த தாள் மாறவில்லை. மற்றதில் நனைத்த தாள் அரை நிமிடத்துக்குள் தன் நிற அட்டையின் கடைசிக் கட்டத்தை எட்டியது.